பள்ளிக் கட்டண விலக்குக்கு நாங்கள் அலைந்த கதை

போன மார்ச் மாதம் மகளின் கணக்கு நோட்டுக்கு அட்டை மாற்றலாம் என்று எடுத்தேன். பழைய அட்டைக்குள் நாலாக மடித்த ஒரு கடிதம் இருந்தது. பள்ளிக் கட்டணப் பாக்கி, தேதி மூன்று வாரத்துக்கு முந்தியது. "அப்பாவுக்கு வேலை நாளைக் குறைச்சிட்டாங்கல்ல, அதான் கொடுக்கலைம்மா" என்றாள். பதினாலு வயதுப் பிள்ளை மூன்று வாரம் அதைத் தனியாகச் சுமந்திருக்கிறாள். இப்போது நினைத்தாலும் மனசு தாங்கவில்லை.

நாங்கள் தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கிறோம். நான் திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்தவள், அவர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர். அவருக்குத் துணித் தொழிற்சாலையில் வேலை; பிடித்தம் எல்லாம் போவதற்கு முன் மாதம் 11,000 ரேண்ட். நான் பிளவுஸ் தைப்பதில் 2,000 வரும். பள்ளிக் கட்டணமோ வருடத்துக்கு 14,400. இங்கே அரசுப் பள்ளி என்றால் எல்லாம் இலவசம் என்று ஊரில் நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை, பள்ளி இருக்கும் பகுதியின் ஏழ்மையைப் பார்த்து ஐந்து அடுக்காகப் பிரித்திருக்கிறார்கள், கீழ் மூன்று அடுக்குக்குத்தான் கட்டணம் கிடையாது. எங்கள் பள்ளி மேல் அடுக்கில் இருக்கிறது.

அத்தை தன் வளையலைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார். "அடகு வைங்க, பிள்ளை படிப்பு நிக்கக் கூடாது." அன்றைக்குப் பக்கத்து வீட்டு அக்கா வந்திருக்காவிட்டால் வளையல் போயிருக்கும். விலக்குக் கேட்டு மனுப் போடலாம், அது தர்மம் இல்லை, 1996-ஆம் வருடத்துப் பள்ளிச் சட்டத்திலேயே இருக்கிறது என்று அவர்தான் சொன்னார். அவர் விவாகரத்து ஆனவர். முன்னாள் கணவரின் சம்பளச் சீட்டு இல்லாமல் மனுவே வாங்க மாட்டோம் என்று அவரை அலையவிட்டிருக்கிறார்கள். முன்னாள் கணவர் வருமான விவரம் தர மறுத்தால், விவாகரத்தான தாய் தன் வருமானத்தை மட்டும் காட்டிக் கேட்கலாம் என்று 2017-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அவருக்கு வழி பிறந்ததாம்.

பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். முதலில் பாக்கியைக் கட்டுங்கள், அப்புறம் படிவம் தருகிறோம், இல்லையென்றால் மதிப்பெண் ரிப்போர்ட் கிடைக்காது என்றார் அங்கிருந்தவர். எனக்குக் கை நடுங்கியது. ஆனாலும் அக்கா சொல்லி அனுப்பியபடி, "சரி, நீங்க சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்க" என்றேன். அவர் எழுதித் தரவில்லை. படிவம்தான் வந்தது. கட்டணம் கட்டவில்லை என்பதற்காகப் பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்துவது, விளையாட்டில் சேர்க்காமல் விடுவது, ரிப்போர்ட்டைப் பிடித்து வைப்பது எல்லாமே சட்டப்படி தப்பு. பள்ளி பெற்றோர் மேல் வழக்குப் போடலாம், அதுவும் அவர்களுக்கு விலக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான். அப்போதும் நாம் குடியிருக்கும் வீட்டைத் தொட முடியாது. இதைத் தெரிந்துகொண்ட இரவுதான் என் வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்கினார்.

சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்குத் தாள், அடையாள அட்டை எல்லாவற்றையும் நகலெடுத்து, போலீஸ் ஸ்டேஷனில் வரிசையில் நின்று உண்மை நகல் என்று முத்திரை வாங்கினேன். அதற்குக் காசு கிடையாது. தையல் வருமானத்தை எழுத வேண்டாம் என்று ரெண்டு பேர் சொன்னார்கள். நான் எழுதினேன், அதற்கும் ஒரு பிரமாணப் பத்திரம் வைத்தேன். பொய் எழுதிவிட்டு வருடம் முழுக்கப் பயந்துகொண்டிருக்க என்னால் முடியாது.

கணக்கு இப்படித்தான். பிள்ளைக்கு ஆகும் கட்டணம், பிடித்தம் போவதற்கு முன் பெற்றோர் இருவருக்கும் சேர்த்து வரும் ஒரு வருட வருமானத்தில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வந்தால் முழு விலக்கு. அதற்குக் கீழே என்றால் ஓர் அட்டவணைப்படி பகுதி விலக்கு, ரொம்பக் குறைவு என்றால் ஒன்றுமில்லை. எங்கள் வருமானம் 1,56,000. பள்ளி 14,400-ஐ மட்டும் வைத்து 9.23 சதவீதம், பகுதி விலக்குத்தான் என்று கடிதம் கொடுத்தது. அன்று ராத்திரி விதியை நானும் மகளும் வரி வரியாகப் படித்தோம். பிள்ளை பள்ளியில் சேர்ந்து படிப்பதற்காக நாம் தனியாகக் கட்டும் தொகையையும் கட்டணத்தோடு கூட்ட வேண்டும் என்று அதில் இருந்தது. பயிற்சிப் புத்தகம், கணினி வகுப்பு, கல்விச் சுற்றுலா என்று 1,500 ரேண்ட் கட்டிய ரசீதுகள் பிஸ்கட் டின்னில் கிடந்தன. 15,900-ஐ வைத்துக் கால்குலேட்டரில் தட்டியது மகள்தான். 10.19. "அம்மா, தாண்டிருச்சு!" என்று கத்தினாள், அத்தை பயந்துபோய் எழுந்து வந்துவிட்டார்.

பள்ளி நிர்வாகக் குழுவின் முடிவு கைக்கு வந்து 30 நாளுக்குள் மாகாணக் கல்வித் துறைத் தலைவருக்கு மேல்முறையீடு செய்ய வேண்டும். ஒரு பக்கக் கடிதம், ரசீதுகளின் நகல், மகள் போட்ட கணக்கு, அவ்வளவுதான் அனுப்பினோம். பதில் வர ஏழு வாரம் ஆனது. முழு விலக்கு.

ஒன்று மட்டும் மறக்க வேண்டாம், இது அந்த ஒரு வருடத்துக்குத்தான். அடுத்த வருடம் மறுபடியும் மனுப் போட வேண்டும். வருகிற ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் என் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கும் பச்சை ஃபைலில் போட்டு வைக்கிறேன். பள்ளியிலிருந்து எந்தக் கடிதம் வந்தாலும் மகள் இப்போது நேராக என் கையில் கொண்டுவந்து கொடுக்கிறாள்.