பன்னிரண்டு ஆண்டு தாமதமாக வந்த டிராம்

காலை ஏழு நாற்பதுக்கு நான் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் இருக்கும் நியூஹேவன் நிறுத்தத்துக்கு வந்து சேரும்போது, பெரும்பாலும் ஒரு டிராம் ஆளில்லாமல் அங்கே நின்றுகொண்டிருக்கும். தடம் அத்தோடு முடிகிறது. ஓட்டுநர் தம் பையையும் தேநீர்க் குவளையையும் எடுத்துக்கொண்டு, ஏறக்குறைய நாற்பத்து மூன்று மீட்டர் நீளமுள்ள வண்டியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்து போவார். அதுவரை பின்பக்கமாக இருந்தது முன்பக்கமாகிவிடும், வண்டி மறுபடியும் நகரத்தை நோக்கிப் புறப்படும். கோடியில் குடியிருப்பதால் உட்கார இடம் எப்போதும் கிடைக்கிறது. லீத் வாக் சாலையின் அடிவாரத்துக்கு வருவதற்குள் இருக்கைகள் நிரம்பிவிடும், அதற்கு மேல் ஏறுகிறவர்கள் நின்றுகொண்டுதான் வருவார்கள்.

எடின்பரோவின் டிராம் நீட்டிப்பு 2023 ஜூன் 7ஆம் தேதி நண்பகலில் பயணிகளுக்குத் திறக்கப்பட்டது. அதுவரை நகர மையத்தில் உள்ள யார்க் பிளேஸில் முடிந்துகொண்டிருந்த தடம், பிக்கார்டி பிளேஸ் வழியாக லீத் வாக்கில் இறங்கி, கான்ஸ்டிடியூஷன் தெருவின் குறுகலுக்குள் நுழைந்து, துறைமுகத்தை ஒட்டி வளைந்து, நியூஹேவன் வரை 4.69 கிலோமீட்டர் நீண்டது. எட்டு புதிய நிறுத்தங்கள், 20.73 கோடி பவுண்டு செலவு. எல்லாரும் இதை நீட்டிப்பு என்கிறார்கள், நானும் வசதிக்காக அப்படியே எழுதுகிறேன். ஆனால் முதலில் போட்டிருக்க வேண்டிய பகுதியைக் கடைசியில் போட்டிருக்கிறார்கள் என்பதுதான், இந்த வழியில் நாள்தோறும் போய்வரும் எனக்குப் படுகிறது.

ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 2006ஆம் ஆண்டு டிராமுக்கான சட்டங்களை நிறைவேற்றியபோது, விமான நிலையத்திலிருந்து நகர மையம் வழியாக, துறைமுகப் பகுதியான லீத்துக்கும் நியூஹேவனுக்கும் வண்டி ஓடுவதாகத்தான் திட்டம். 54.5 கோடி பவுண்டில் முடித்து 2011ஆம் ஆண்டு ஓட்டிவிடலாம் என்று கணக்குப் போட்டார்கள். 2007 முதல் லீத் வாக்கைத் தோண்டி, தண்ணீர்க் குழாய்களையும் எரிவாயுக் குழாய்களையும் இடம் மாற்றினார்கள். பிறகு ஒப்பந்தக்காரர்களுக்கும் மாநகராட்சியின் டிராம் நிறுவனத்துக்கும் இடையில் தகராறு முற்றியது. 2011ஆம் ஆண்டு மாநகராட்சி மன்றம் தடத்தை நகர மையத்துக்கு மேற்கே உள்ள ஹேமார்க்கெட்டோடு நிறுத்திக்கொள்ள வாக்களித்துவிட்டு, ஒரு வாரம் கழித்து மனம் மாறி, யார்க் பிளேஸ் வரையாவது கொண்டுவருவது என்று தீர்மானித்தது. 2014 மே 31ஆம் தேதி ஒருவழியாக வண்டி ஓடத் தொடங்கியபோது, 14 கிலோமீட்டருக்கு 77.6 கோடி பவுண்டு செலவாகியிருந்தது. குடைந்த சாலையை மூடிவிட்டுப் போனார்களே தவிர, லீத்துக்கு ஒரு முழம் தண்டவாளம்கூட வரவில்லை.

மேற்கே போன அந்த முதற்பகுதி பல இடங்களில் வயல்வெளிகளையும் அலுவலகப் பூங்காக்களையும் கடந்து செல்கிறது. வடக்கே விடுபட்ட பகுதியிலோ, நான்கு மாடிக் கல் கட்டடங்களில் அடுக்கடுக்காக மக்கள் குடியிருக்கும் லீத் வாக் இருக்கிறது. ஸ்காட்லாந்திலேயே நெருக்கமாக மக்கள் வாழும் பகுதிகளில் ஒன்று அது. வீட்டுக்கு வீடு வண்டி வைத்துக்கொள்ள அங்கே இடமும் கிடையாது, தேவையும் கிடையாது. டிராமுக்கென்றே அமைந்தது போன்ற சாலையை விட்டுவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு விமானம் ஏறப் போகிறவர்களுக்கு முதலில் வழி செய்தார்கள். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. முழுத் தடத்துக்கும் சேர்த்து 27 வண்டிகளை முன்பே வாங்கிவிட்டிருந்ததால், பல ஆண்டுகள் தேவைக்கு மேல் வண்டிகள் இருந்தன, அவை ஓடுவதற்குத் தண்டவாளம்தான் இல்லை. நீட்டிப்பு வந்தபோது புதிதாக ஒரு வண்டிகூட வாங்க வேண்டியிருக்கவில்லை.

நான் 2015ஆம் ஆண்டு நியூஹேவனில் வாடகைக்கு வீடு பார்க்க வந்தபோது, வீட்டுக்காரர் சன்னலைத் திறந்து வெளியே கைகாட்டி, "டிராம் இதோ இந்தப் பக்கம்தான் வரப்போகிறது" என்றார். அவர் சொன்னது பொய் இல்லை, ஆண்டுக் கணக்கைத்தான் சொல்லவில்லை. அதன்பின் எட்டு ஆண்டுகள் நான் 22ஆம் எண் பேருந்தில்தான் நகரத்துக்குப் போய்வந்தேன். அந்தப் பேருந்தைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது. மாடிப் பேருந்தின் முன் இருக்கையில் உட்கார்ந்து, லீத் வாக்கின் ஏற்றத்தில் கடை கடையாகப் பார்த்துக்கொண்டு போவது நல்ல பொழுதுபோக்கு. ஆனால் அது எப்போது போய்ச்சேரும் என்று எவராலும் சொல்ல முடியாது. நல்ல நாளில் இருபத்தைந்து நிமிடம், மழையும் பள்ளி நேரமும் சேர்ந்துகொண்டால் நாற்பத்தைந்து. ஒவ்வொரு நிறுத்தத்திலும் எல்லாரும் ஓட்டுநருக்கு எதிரில் இருக்கும் ஒரே கதவு வழியாக ஏறி, அட்டையைக் காட்டியோ காசைப் போட்டோ உள்ளே வர வேண்டும். பெட்டியில் போட்ட காசுக்கு மீதிச் சில்லறை கிடைக்காது என்பதால், புதிதாக வந்தவர்கள் படியில் நின்றபடி பையைத் துழாவிக்கொண்டிருப்பார்கள். பின்னால் வரிசை நனைந்துகொண்டிருக்கும். இரண்டு தள்ளுவண்டிக் குழந்தைகள் ஏறிவிட்டால் மூன்றாவது தாய் அடுத்த பேருந்துக்குக் காத்திருக்க வேண்டியதுதான். என் மகள் பிறந்த ஆண்டில் அந்த மூன்றாவது ஆள் பல முறை நானாக இருந்திருக்கிறேன்.

டிராம் வந்த பிறகு பயண நேரம் வியக்கத்தக்க அளவுக்குக் குறைந்துவிடவில்லை. நியூஹேவனிலிருந்து செயின்ட் ஆண்ட்ரூ சதுக்கத்துக்கு ஏறக்குறைய இருபது நிமிடம், என் அலுவலகம் இருக்கும் ஹேமார்க்கெட்டுக்கு அரை மணிக்குச் சற்றுக் குறைவு. நல்ல நாளின் பேருந்தைவிட இது பெரிய வேகம் இல்லை. ஆனால் கெட்ட நாளிலும் இதே நேரம்தான் ஆகிறது, எனக்கு வேண்டியிருந்தது அதுதான். பயணச்சீட்டை நடைமேடையிலேயே எடுத்துவிடுகிறோம். வண்டியின் நீளம் முழுவதும் கதவுகள் இருக்கின்றன. நடைமேடையும் வண்டியின் தளமும் ஒரே மட்டத்தில் இருப்பதால், சக்கர நாற்காலியும் தள்ளுவண்டியும் யாருடைய உதவியும் இல்லாமல் உருண்டு உள்ளே போகின்றன. ஏழு நிமிடத்துக்கு ஒரு வண்டி என்பதால் அட்டவணையைப் பார்க்கும் பழக்கமே எனக்கு விட்டுப்போயிற்று. முன்பெல்லாம் ஒன்பது மணிக் கூட்டத்துக்கு எட்டுக்கே கிளம்புவேன். அந்தப் பயத்துக்காக ஒதுக்கிவைத்திருந்த கால் மணி நேரம் இப்போது வீட்டிலேயே கழிகிறது.

வழியில் எனக்கு மிகவும் பிடித்த இடம் பில்ரிக். அந்தப் பெயரில் ஒரு நிறுத்தம்கூட இல்லை, பால்ஃபோர் தெரு நிறுத்தத்துக்குப் பக்கத்தில் வண்டி ஒரு சந்திப்பைக் கடக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இந்த வழியில் வேலைக்குப் போனவர்கள் எல்லாரும் அங்கே இறங்கி வண்டி மாற வேண்டியிருந்தது. லீத் அப்போது தனி நகரம். தன் டிராம்களை 1905ஆம் ஆண்டே மின்சாரத்துக்கு மாற்றிவிட்டது. எடின்பரோவோ, தெருவுக்கு அடியில் ஓயாமல் ஓடும் கம்பி வடத்தைக் கவ்விக்கொண்டு இழுபட்டுப் போகும் வண்டிகளையே வைத்திருந்தது. இரண்டு நகரங்களின் எல்லையும் பில்ரிக்கில் இருந்தபடியால், அது வரை வந்த லீத் வண்டி திரும்பிவிடும், பயணிகள் மழையில் இறங்கி எதிர்ப்பக்கம் நிற்கும் எடின்பரோ வண்டியில் ஏறுவார்கள். பில்ரிக் குளறுபடி என்றே அதற்குப் பெயர். எல்லைக்கோடு அங்கிருந்த ஒரு மதுக்கடையின் ஊடாகவே போனதாகவும், ஒரு பக்கத்தில் கடை மூடும் நேரம் வந்ததும் குடிகாரர்கள் கோப்பையோடு மறுபக்கம் நகர்ந்து உட்கார்ந்ததாகவும் லீத்காரர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

1920ஆம் ஆண்டு லீத்தை எடின்பரோவுடன் இணைத்தார்கள். லீத் மக்களிடம் கருத்துக் கேட்டபோது 26,810 பேர் கூடாது என்றும் 4,340 பேர் சரி என்றும் சொன்னார்கள், இணைப்பு அதன் பிறகும் நடந்தது. அதன் பயனாக 1922ஆம் ஆண்டு இரு பக்கமும் மின்சார வண்டிகள் தடையின்றி ஓடத் தொடங்கின. மக்கள் போட்ட வாக்குக்குக் கிடைக்காத மரியாதைக்கு ஈடாகக் கிடைத்தது அந்த ஒரே டிராம் பயணம் என்று என் பக்கத்து வீட்டுப் பெரியவர் சொல்வார். பழைய டிராம்கள் 1956 நவம்பரில் நின்றுபோயின. இந்த முறை லீத் வாக்கைத் தோண்டியபோது கம்பி வடத்தைத் தாங்கிய பழைய இரும்புச் சக்கரங்கள் மண்ணுக்குள்ளிருந்து வெளிவந்தன.

(ஒரு சிறு பெருமை: சென்னையில் மின்சார டிராம் 1895ஆம் ஆண்டே ஓடத் தொடங்கிவிட்டது, லீத்துக்குப் பத்து ஆண்டு முன்னால். 1953ஆம் ஆண்டு அது நின்றுபோனதற்கு முன் அதில் பயணம் செய்த என் தாத்தா, நான் இங்கே டிராமில் வேலைக்குப் போகிறேன் என்று கேட்டிருந்தால், இன்னுமா அந்த வண்டியை ஓட்டுகிறார்கள் என்றுதான் கேட்டிருப்பார்.)

கான்ஸ்டிடியூஷன் தெருவில் வண்டி மெதுவாகப் போகும். ஒரு பக்கம் தெற்கு லீத் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டச் சுவர் தொட்டுவிடும் தூரத்தில் இருக்கும். முற்காலத்தில் அந்தத் தோட்டம் இப்போது தெரு இருக்கும் இடம் வரை பரவியிருந்ததால், தண்டவாளம் போடுவதற்கு முன் தொல்லியலாளர்கள் அங்கே அகழ்ந்தார்கள். 1300க்கும் 1650க்கும் இடைப்பட்ட காலத்தில் புதைக்கப்பட்ட 360க்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள் எடுக்கப்பட்டன. மண்டையோடுகள் சிலவற்றைக் கொண்டு டண்டீ பல்கலைக்கழகத்தினர் முகங்களை வரைந்து வெளியிட்டார்கள். அந்தப் படங்களைப் பார்த்த மறுநாள் டிராமில் எதிரே உட்கார்ந்திருந்தவர்களின் முகங்களை நான் கொஞ்சம் கூடுதலாகவே உற்றுப் பார்த்திருக்க வேண்டும். ஒரு அம்மா முறைத்துவிட்டு வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

இரண்டாவது முறை கட்டியபோது வேலை பரவாயில்லாமல் நடந்தது. 2019 மார்ச்சில் மன்றம் ஒப்புதல் தந்து, நவம்பரில் வேலை தொடங்கி, பெருந்தொற்றால் சில மாதம் நின்று, மீண்டும் தொடர்ந்தது. ஒரு பகுதியை மூடினால் குழாய், அகழாய்வு, தண்டவாளம் எல்லாவற்றையும் முடித்துவிட்டே திறப்பது என்ற முறையைக் கையாண்டார்கள். முந்தைய முறை ஒருவர் குழாய்க்காகத் தோண்டி மூட, மற்றவர் வந்து மறுபடியும் தோண்டியதன் பாடம் அது. கிலோமீட்டர்க் கணக்கில் பார்த்தால் முதற்பகுதிக்கு 5.5 கோடி பவுண்டும் நீட்டிப்புக்கு 4.4 கோடியும் ஆகிறது. முதற்பகுதிக் கணக்கில் வண்டிகளும் பணிமனையும் அடங்கும் என்பதால், அந்த வேறுபாட்டை வைத்து யாரும் மார்தட்டிக்கொள்ள முடியாது. டிராமின் முதற்பகுதியைக் கட்டியதில் நேர்ந்த குளறுபடியை ஆராய 2014ஆம் ஆண்டு ஹார்டி பிரபு தலைமையில் அமைக்கப்பட்ட விசாரணை தன் அறிக்கையை வெளியிட்டது 2023 செப்டம்பரில். அதாவது, அறிக்கை வருவதற்கு மூன்று மாதம் முன்பே நாங்கள் டிராமில் போகத் தொடங்கிவிட்டோம். அதற்காகக் காத்திருக்காமல் வேலையைத் தொடங்கியது எனக்குச் சரியென்றே படுகிறது.

குறைகள் இல்லாமல் இல்லை. லீத் வாக்கின் மிதிவண்டிப் பாதையைச் சில இடங்களில் நேராகப் போடாமல் வளைத்து நெளித்துப் போட்டார்கள், அதன் படங்களைப் பார்த்து ஊரே சிரித்தது. தண்டவாளப் பள்ளத்தில் மிதிவண்டிச் சக்கரம் சிக்குவதோ சிரிக்கிற விஷயம் இல்லை. 2017 மே மாதத்தில் பிரின்சஸ் தெருவின் மேற்குக் கோடிப் பக்கம் அப்படி விழுந்த ஒருவர் உயிரிழந்தார். அதன் பிறகு நான் மிதிவண்டியில் லீத் வாக்கைக் கடக்க நேர்ந்தால், தண்டவாளத்தைக் கூடியவரை குறுக்காகவே கடக்கிறேன், அதற்கு இடம் இல்லாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். இன்னொரு குறை கட்டணத்தைப் பற்றியது. ஸ்காட்லாந்தில் 22 வயதுக்கு உட்பட்டவர்கள் 2022 ஜனவரி இறுதியிலிருந்து பேருந்தில் இலவசமாகப் போகலாம், ஆனால் நீட்டிப்பு திறந்தபோது டிராமுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆகவே ஒரே நிறுத்தத்தில் அப்பா டிராமிலும் பிள்ளை பேருந்திலும் ஏறிப் போவதைப் பார்த்திருக்கிறேன். விமான நிலையம் என்ற ஒரே ஒரு நிறுத்தத்துக்கு மட்டும் நகரக் கட்டணத்தைப் போல மூன்று மடங்குக்கும் மேல் வாங்குகிறார்கள். நாள்தோறும் போகிற எங்களுக்கு அந்தப் பணத்தால்தான் சீட்டு விலை அடங்கியிருக்கிறது என்று நினைத்து அதைப் பொறுத்துக்கொள்கிறேன்.

இப்போது அடுத்த தடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். வடக்கே கிராண்டனிலிருந்து நகர மையம் வழியாகத் தெற்கே அரசு மருத்துவமனை வரை போகும் அந்தத் தடத்துக்காக, மாநகராட்சி 2025ஆம் ஆண்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. கிராண்டனுக்கு இரண்டு வழிகளைக் காட்டினார்கள். ஒன்று, ரோஸ்பர்ன் பாதை. பழைய ரயில் தடமாக இருந்து, இப்போது மரங்கள் மூடிய நடைபாதையாகவும் மிதிவண்டிப் பாதையாகவும் இருக்கிறது; ஞாயிற்றுக்கிழமைகளில் என் மகள் அங்கேதான் மிதிவண்டி ஓட்டப் பழகினாள். மற்றது, டீன் பாலத்தைக் கடந்து ஆர்ச்சர்ட் பிரே வழியாகச் சாலையிலேயே போவது. முதல் வழியில் குறுக்கே எந்த வாகனமும் வராது என்பதால் வண்டி விரைவாகப் போகும், இரண்டாவது வழியில் போக்குவரத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

நான் இரண்டாவது வழிக்கே குறியிட்டேன். மகளின் மிதிவண்டிக்காக என்று சொன்னால் பாதி உண்மைதான். காரணம் கேட்டிருந்த கட்டத்தில் இப்படி எழுதினேன்: பால்ஃபோர் தெரு நிறுத்தத்தில் நாள்தோறும் என்னோடு பயணம் செய்கிறவர்கள் மாடிவீட்டுப் படியிறங்கி, ரொட்டிக் கடையைத் தாண்டி, நேரே நடைமேடைக்கு வருகிறார்கள்; ரோஸ்பர்ன் பாதையில் நிறுத்தம் வைத்தால் தெருவை விட்டுப் பள்ளத்துக்குள் இறங்கிப் போக வேண்டியிருக்கும், குளிர்காலத்து மாலை நான்கு மணி இருட்டில் என் மகள் அங்கே தனியாக நின்று டிராமுக்குக் காத்திருப்பதை நான் விரும்பமாட்டேன்.