டியூபுக்குள் ஒரு குமிழி

வியாழன் இரவு ஐப்பசியின் முதல் நல்ல மழை. விடிந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் பூச்செடி வளர்க்கும் குடிலுக்கு ஓடினேன். அதற்குள் நான் கல் பதித்த நடைபாதை பிழைத்துவிட்டது. ஒரு கல் எழும்பவில்லை, ஒரு கல் அமுங்கவில்லை, வாசற்படியோரம் காய்ந்து கிடந்தது. மூன்றாம் மேசையின் காலடியில் மட்டும் ஒரு தாம்பாள அகலத்துக்குத் தண்ணீர் நின்றது. அந்தத் தாம்பாளத்துக்குப் பிறகு வருகிறேன்.

குடில் 24 அடிக்கு 14 அடி. மேலே 200 மைக்ரான் தாள், அதன்கீழ் 50 சதவீத நிழல்வலை, பக்கங்களில் வெறும் வலை. டெண்ட்ரோபியமும் ஆந்தூரியமும்தான் குடியிருப்பவை. உடுமலைப் பக்கத்துக் கரிசல் காடு இது. இதே பாதையை நான் மூன்றாவது முறையாகப் போட்டிருக்கிறேன் என்பதை வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் முறை கடப்பாக்கல். பார்க்க அழகு, விலையும் மலிவு. வெயில் காலத்தில் குடிலைக் குளிர்விக்கத் தரையில் தண்ணீர் தெளிப்போம் அல்லவா, அதில் மூன்றே மாதத்தில் பாசி படர்ந்தது. பூத்திருந்த தொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு வழுக்கி விழுந்தேன். தொட்டி உடைந்தது, முழங்கை வீங்கியது. பூச்செடி இருக்கும் இடத்தில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டவும் மனமில்லை. கற்களைப் பெயர்த்து மாட்டுக்கொட்டகைக்குக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாம் முறை போன வருடம் சித்திரையில். 60 மில்லிமீட்டர் பேவர் கல் (தரையில் பதிக்கும் சிமெண்ட் கல்) வாங்கி, நிலத்தை லேசாகச் செதுக்கி, மேலே எம்-சாண்டை, அதாவது பாறையை உடைத்துச் செய்யும் மணலை, பரப்பினேன். கரிசல் அப்போது விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடந்தது. பரப்பிய மணல் அந்த வெடிப்புக்குள் மணற்கடிகாரம் போல இறங்கிக்கொண்டே இருந்தது. கையால் அள்ளி அள்ளி நிரப்பினேன். அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். நான்கு மழைக்குப் பிறகு மண் ஊதியது. பாதை ஒட்டகத்தின் முதுகு போல ஆனது. தள்ளுவண்டியின் ஒற்றைச் சக்கரம் ஒவ்வொரு மேட்டிலும் நின்று யோசித்தது. கரிசலின் களிமண் தண்ணீரைக் குடித்துப் பருக்கும், காய்ந்தால் சுருங்கும். மேலே எவ்வளவு நல்ல கல்லைப் பதித்தாலும் அது அந்த மூச்சோடு சேர்ந்துதான் ஏறி இறங்கும்.

ஆகவே இந்தப் புரட்டாசியில் ஓரடி ஆழத்துக்குத் தோண்டினோம். உள்ளே 24 அடி நீளம், 3 அடி அகலப் பாதை. வெளியே வாசலை ஒட்டி 10 அடிக்கு 8 அடி தளம். மொத்தம் 152 சதுர அடி. ஓரடி ஆழத்துக்கு, நூறு கன அடி ஒரு யூனிட் என்ற கணக்கில், ஒன்றரை யூனிட் கரிசல். அத்தனையையும் மம்பட்டியால் எடுக்க இரண்டு பேருக்கு இரண்டு நாள் ஆயிற்று. அடியில் ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கை இழைத் துணி), மேலே ஆறு அங்குலம் கிராவல், அதன் மேல் மூன்று அங்குலம் ஜல்லி, ஒன்றரை அங்குலம் எம்-சாண்ட், பிறகு கல். கிராவலை மூன்று மூன்று அங்குலமாகப் போட்டு, தண்ணீர் தெளித்து, திம்மிசுக் கட்டையால் இடித்தோம். ஆறையும் ஒரே அடியாகக் கொட்டி இடித்தால் மேல்பாகம்தான் இறுகும், அடி பொசபொசவென்றே இருக்கும்.

துணிக்குப் பதில் கறுப்பு நிறக் களை விரிப்பே போதும் என்று சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை: எங்கள் ஊர்க் கோரை அதை ஊசி போலத் துளைத்துக்கொண்டு வரும். மேசைகளுக்கு அடியில் விரித்த இடத்தில் இன்றைக்கும் வருகிறது. அங்கே கல் பதிக்காமல் ஜல்லி மட்டும் போட்டிருக்கிறேன், ஈரம் தங்கினால் ஆந்தூரியத்துக்கு நல்லது என்று. கோரைக்கும் நல்லதாகப் போய்விட்டது.

இனி வாட்டம், அதாவது தண்ணீர் வடிவதற்கான சரிவு. இந்தப் பதிவே அதற்காகத்தான்.

ஆறடிக்கு ஓர் அங்குலம் இறங்க வேண்டும் என்பது என் கணக்கு. 24 அடிக்கு நான்கு அங்குலம், வாசலிலிருந்து பின்பக்க வடிகாலை நோக்கி. இரண்டடி ரசமட்டத்தை வைத்து இதைப் பிடிக்க முடியாது. ஒவ்வொரு முறை நகர்த்தும்போதும் சிறு பிழை சேர்ந்துகொண்டே போகும். டியூப் லெவல்தான் சரி: தண்ணீர் நிரப்பிய டியூபின் இரு முனைகளிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும், அதை வைத்து மட்டம் குறிப்பது. முப்பதடி டியூப், உள்ளே துணிக்குப் போடும் நீலம் இரண்டு சொட்டு கலந்த தண்ணீர். 24 அடிக்கு ஒரே நூல் கட்டினால் நடுவில் தொய்யும் என்பதால் வாசலில் ஒன்று, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று என மூன்று முளை அடித்து மட்டம் குறித்தேன். நூல் இழுத்து, மணல் பரப்பி, வாசலிலிருந்து நடு முளை வரை கல்லும் பதித்தாயிற்று. பெருமையாக ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினேன். தண்ணீர் சற்று நின்று, பிறகு நிதானமாக வாசலை நோக்கித் திரும்பி வந்து என் காலை நனைத்தது.

மணலைக் குறை சொன்னேன், கல்லைக் குறை சொன்னேன். கடைசியில் டியூபைத் தூக்கி வெயிலுக்கு நேரே பிடித்துப் பார்த்தால், ஓர் ஆள்காட்டி விரல் நீளத்துக்குக் காற்றுக் குமிழி உட்கார்ந்திருக்கிறது. நடு முளையில் குறித்தபோது டியூபை மேசைக்காலோடு கட்டியிருந்தேன். குமிழி அந்தக் காலின் மறைவில், செங்குத்தான பகுதியில் இருந்திருக்கிறது. தரையில் கிடக்கும் பகுதியில் குமிழி இருந்தால் பாதகமில்லை. நிமிர்ந்த பகுதியில் இருந்தால், குமிழி எவ்வளவு நீளமோ அவ்வளவு உயரத்துக்கு அந்தப் பக்கத் தண்ணீர் பொய் சொல்லும். வாசலைவிட இரண்டு அங்குலம் தாழ்ந்திருக்க வேண்டிய நடுப்பகுதி, மூன்று அங்குலம் கூடி, வாசலைவிட ஓர் அங்குலம் உயர்ந்து நின்றது. நூலைப் பார்த்தபோதே கண் சொல்லியிருக்க வேண்டும். கண் சொல்லியும் இருக்கலாம். நான் கருவியை நம்பினேன்.

இப்போது எனக்கு ஒரு சடங்கே உண்டு. வாளியை உயரத்தில் வைத்து, டியூபின் ஒரு முனையை அதில் முக்கி, மறுமுனை வழியாக இடைவிடாமல் நீர் ஓடவிட வேண்டும். குழாயில் நேரடியாகச் சொருகி நிரப்பினால் நுரையும் குமிழியும் கூடவே வரும். நிரப்பியதும் டியூப் முழுவதையும் விரலால் சுண்டிக்கொண்டே நடக்க வேண்டும். பிறகு இரு முனைகளையும் ஒன்றாகச் சேர்த்துப் பிடித்தால் இரண்டிலும் தண்ணீர் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அளக்கும்போது இரண்டு கட்டைவிரல்களும் டியூபின் வாயை விட்டு விலகியிருக்க வேண்டும். ஒவ்வொரு முளைக்கும் முன்னால் இந்தச் சேர்த்துப் பிடிக்கும் சோதனையைச் செய்கிறேன். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். பன்னிரண்டு அடிக் கல்லைப் பெயர்த்து மறுபடி பதித்தவன் நான்.

மணல் விஷயத்திலும் ஒரு வயிற்றெரிச்சல். வழக்கமாக வாங்கும் இடத்தில் லாரி இல்லை என்று வேறொருவரிடம் சொன்னேன். எம்-சாண்ட் என்று சொல்லி அவர் கொட்டிவிட்டுப் போனது பாதிக்கு மேல் கிரஷர் தூள். கண்ணாடிப் பாட்டிலில் பாதி மணல், பாதி தண்ணீர் போட்டுக் குலுக்கி வைத்தேன். மறுநாள் காலையில் மணலுக்கு மேல் ஒரு விரற்கடைக்குச் சாம்பல் நிறச் சேறு. இதைக் கல்லுக்கு அடியில் போட்டால் ஈரத்தைப் பிடித்து வைத்துக் கூழாகிவிடும். சொன்னதற்கு, வீடு கட்டுகிறவர்களே ஒன்றும் கேட்பதில்லை, பூச்செடிக்கு இவ்வளவு பார்க்கிறீர்களே என்றார். அந்தக் குவியலைத் தெருப்பள்ளத்தில் நிரப்பிவிட்டு, பழைய இடத்திலேயே நான்கு நாள் காத்திருந்து வாங்கினேன்.

கல் பதித்த பிறகு மேஸ்திரியோடு கடைசிச் சண்டை. “பால் ஊற்றிவிடலாம் தம்பி, இல்லாவிட்டால் ஆடும்” என்றார். இடுக்குகளில் சிமெண்ட் பால் ஊற்றிவிட்டால் தண்ணீர் இறங்க வழியில்லை. அடியில் கரிசல் அசைந்தால் பாதை பாளம் பாளமாக வெடிக்கும். “வேண்டாம் அண்ணா, காய்ந்த பி-சாண்ட் போதும்” என்று, பூச்சு வேலைக்கான அந்த நைசான மணலை நானே துடைப்பத்தால் கூட்டி நிரப்பினேன். ஓரத்தில் கெர்ப் கல் இறுக்கமாக நிற்கும்வரை நடுக்கல் எங்கே போகும்? அவர் தலையை ஆட்டிவிட்டுக் கூலியை எண்ணிக்கொண்டு போனார். மழை முடிந்த மறுநாள் வேறு வேலையாக வந்தவர், ஒவ்வொரு கல்லாக மிதித்துப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அதுவே போதும்.

சரி, தாம்பாளம். மணலை மட்டப்படுத்த இரண்டு ஓரங்குல ஜிஐ குழாய்களைத் தண்டவாளம் போலப் போட்டு, மேலே மட்டப்பலகையை இழுத்தேன். பிறகு குழாயை உருவிவிட்டு, அது கிடந்த பள்ளத்தை மணலால் நிரப்ப வேண்டும். மற்ற இடங்களில் கரணையால் அழுத்தி நிரப்பினேன். மூன்றாம் மேசைப் பக்கம் மட்டும் இருட்டிவிட்டது என்று கையால் தூவிவிட்டு வந்தது நன்றாக நினைவிருக்கிறது. சாரல் உள்ளே வந்ததும் அது இறங்கிவிட்டது. ஆறு கற்களை எடுத்து, அடியில் மணலை இறுக்கி, மறுபடி வைத்தால் தீர்ந்தது. இரண்டு ஸ்க்ரூ டிரைவரால் முதல் கல்லைக் கிளப்புவதுதான் பாடு. அதன் பிறகு மற்றவை பல் விழுவது போல வந்துவிடும்.

வெளித் தளம் இன்னும் ஜல்லி அளவில்தான் நிற்கிறது. அதற்குள் அடுத்த ஆசை வந்துவிட்டது. குடிலின் கூரையில் ஓர் அங்குல மழை விழுந்தால் ஏறக்குறைய 790 லிட்டர் தண்ணீர். அதை 200 லிட்டர் டிரம் நான்கில் பிடித்தால் ஆர்க்கிடுக்கு உப்பில்லாத தண்ணீர், கரிசலுக்கும் அவ்வளவு குறைவான குடி. ஆனால் நிறைந்த டிரம் ஒவ்வொன்றும் 200 கிலோவுக்கு மேல், அதுவும் அத்தனை சிறிய அடிப்பாகத்தில். அந்த மூலையில் மட்டும் பேவரை விட்டுவிட்டு நான்கு அங்குலக் கான்கிரீட் போடலாமா என்று பார்க்கிறேன். பொள்ளாச்சியிலிருந்து ஐந்து கிலோ கோகோபீட் (தென்னை நார்த்தூள்) கட்டிகள் நாற்பது வந்து இறங்கியிருக்கின்றன. நனையாமல் வைக்க இடமில்லாமல் இப்போதைக்கு அவை வீட்டுத் திண்ணையில். அம்மா இன்று காலையும் அவற்றை எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். ஞாயிற்றுக்கிழமை மழை இல்லையென்றால் டியூபில் தண்ணீர் நிரப்ப வேண்டும்.