பம்புசெட் ஸ்டார்ட்டரும் எங்கள் பாட்டுப்பெட்டியும்

வீட்டிலேயே பாட்டுப்பெட்டி செய்கிறவர்கள் பலகை அறுப்பதிலும் வண்ண விளக்குப் பொருத்துவதிலும் காட்டுகிற அக்கறையைக் கரண்ட் கொடுப்பதில் காட்டுவதில்லை. முன்பக்கம் ஜொலிக்கும், அணைக்க வேண்டுமென்றால் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே கையை விட்டு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் துழாவ வேண்டும். களக்காட்டு வீட்டில் பெட்டியைப் போடுவதும் அணைப்பதும் அத்தைதான். அவருக்கு மூட்டுவலி. அவரைக் குனிய வைக்கக் கூடாது என்பதே எனக்கு முதல் நிபந்தனை.

உள்ளே பாட்டை இயக்கும் ராஸ்ப்பெர்ரி பை 4 என்ற கையகலக் கணினி (இனி சுருக்கமாகப் 'பை'), பழைய மானிட்டர், ஆம்ப்ளிஃபயர். எல்லாவற்றையும் ஒரே சுவிட்சில் கட்டினால் மூன்று தொல்லை. ஆம்ப்ளிஃபயர் ஓடும்போது மற்றவை எழுந்தாலோ அணைந்தாலோ ஸ்பீக்கரில் 'டம்' என்று ஓர் இடி விழும். கோயில் கொடைக்கு மைக் செட் கட்டுகிறவர்கள் ஆம்ப்ளிஃபயரைக் கடைசியில் போட்டு முதலில் அணைப்பது இதனால்தான். இரண்டாவது, பை தன் மெமரி கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் பறிபோனால் அந்தக் கார்டு கெட்டுப்போகலாம். மூன்றாவதுதான் எங்கள் ஊருக்கே உரியது. ஆடிக் காற்றில் போன கரண்ட் நடுராத்திரியில் திரும்பினால், பை தானாக எழுந்து பாட ஆரம்பித்துவிடும்.

இதற்கு விடை சித்தப்பாவின் வாழைத்தோட்டத்துப் பம்பு ரூமில் இருந்தது. ஸ்டார்ட்டரின் பச்சைப் பட்டனை அழுத்தினால் காயில், அதாவது உள்ளே இருக்கும் மின்காந்தம், மோட்டாருக்கான தொடர்பை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கையை எடுத்தாலும் விடாது. கரண்ட் போனால் விட்டுவிடும், திரும்பி வந்தாலும் மறுபடி அழுத்தாமல் மோட்டார் ஓடாது. (நேரங்கெட்ட நேரத்தில் கரண்ட் வருகிறதே என்று சம்சாரிகள் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டி இந்தக் குணத்தையே மாற்றிவிடுகிறார்கள். எனக்கு வேண்டியதோ அந்தப் பழைய குணம்.)

அதையே சிறிதாகச் செய்தேன். 230 வோல்ட் காயில் உள்ள, இரண்டு ஜோடித் தொடர்புள்ள ரிலே (காயில் இழுத்தால் இயங்கும் சுவிட்ச்) ஒன்று. ஒரு ஜோடி பச்சைப் பட்டனுக்கு இணையாக நின்று காயிலைப் பிடித்து வைக்கும். மற்றது பெட்டிக்குள் கரண்டை அனுப்பும். அதனால் பட்டன் வழியே காயிலுக்கான சொற்ப கரண்ட் மட்டுமே போகும். ஆனாலும் அதில் இருப்பது 230 வோல்ட் என்பதால், பாட்டைத் தேர்ந்தெடுக்கும் விளையாட்டுப் பட்டன்களின் வரிசையில் அதை வைக்கவில்லை. ஸ்டார்ட்டர் பேனல்களில் வருகிற 22 மில்லிமீட்டர் பட்டன் வாங்கி, தனி மூலையில், வயரையும் தனிக் குழாயில் விட்டுப் பொருத்தினேன்.

சிவப்புப் பட்டன் வேறு ரகம். அது கரண்டை வெட்டுவதில்லை. பையில் வெளிக் கருவிகளை இணைப்பதற்கான ஜிபிஐஓ முனைகளில் மூன்றாம் எண்ணைக் கிரவுண்டோடு ஒரு கணம் தொட வைக்கிறது, அவ்வளவுதான். துவக்க அமைப்புக் கோப்பில் ஜிபிஐஓ-ஷட்டவுன் என்ற வரியைச் சேர்த்திருந்தால் பை அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு முறையாக மூடத் தொடங்கும். மூடும் வேலையில் முதலாவதாக ஆம்ப்ளிஃபயரின் தனி ரிலே விடும். எல்லாம் முடிந்ததும், ஜிபிஐஓ-பவர்ஆஃப் என்ற இன்னொரு வரியின்படி 26ஆம் எண் முனை உயரும். அது ஒரு குட்டி ரிலேயை இழுக்கும். அதன் என்.சி. தொடர்பு (சும்மா இருக்கும்போது மூடியிருந்து, ரிலே இழுத்தால் திறப்பது) பெரிய ரிலேயின் காயிலோடு தொடராக இருப்பதால், காயில் விட்டு, பெட்டி முழுவதும் செத்துவிடும்.

கரண்ட் போனதும் குட்டி ரிலேயும் விட்டு, காயில் மறுபடி இணைந்துவிடாதா என்று கேட்கலாம். பவர் சப்ளையின் கெபாசிட்டரில் மிச்சமிருக்கும் கரண்ட் குட்டி ரிலேயைக் கொஞ்ச நேரம் தாங்குகிறது. அதற்குள் பெரிய ரிலே தன் பிடியை விட்டிருக்கும். அதன் பிறகு பச்சைப் பட்டன்தான் வழி. இந்த வயரிங்கிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

திடீர் மின்வெட்டில் சிவப்புப் பட்டனுக்கு வேலையில்லை என்பது உண்மை. அதற்காக ஓவர்லே முறையைப் போட்டுக் கார்டில் எதுவும் எழுதாதபடி பூட்டி, பாடல்களைப் பென்டிரைவில் வைத்திருக்கிறேன். புதிய பாடல் ஏற்றும் நாளில் மட்டும் பூட்டுத் திறந்திருக்கும். பை உறைந்து நின்றுவிட்டால் அணைக்க, பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேர வெட்டும் சுவிட்ச் பக்கவாட்டில் இருக்கிறது. அத்தைக்கு அதைக் காட்டியிருக்கிறேன், அவர் தொடுவதில்லை.

பெட்டியைப் பார்க்க வந்த சித்தப்பா பாட்டைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "எர்த் எங்கே கொடுத்திருக்கிறாய்?" என்றார். பின்பலகையைக் கழற்றி, ஆம்ப்ளிஃபயரின் இரும்புக் கூட்டிலும் பட்டன் தகட்டிலும் பச்சை வயர் முறுக்கியிருப்பதை டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு, இதற்கு இவ்வளவு மெல்லிய வயரா என்று தன் கருவிப் பையைத் திறந்தார்.