பூம்பாறையில் வெளுத்த மேகம், கொடைக்கானலில் 3,000 ரூபாய் டாக்சி

கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் ஒரு டாக்சிக்காரர் பூம்பாறை போய்வர 3,000 ரூபாய் கேட்டார். சுமார் இருபது கிலோமீட்டர் ரோட்டுக்கு! "சீசன் சார், வேற வண்டி கிடைக்காது" என்று மிரட்டல் வேறு. பத்தடி தள்ளி மன்னவனூர் பஸ் உறுமிக்கொண்டு நின்றது. ஏறிவிட்டேன். ஜன்னல் கண்ணாடி பாதியிலேயே சிக்கியிருந்தது, குளிர் காதைப் பிய்த்தது. காலடியில் யாரோ வைத்த பூண்டு மூட்டை, மடியில் கேமரா பை. ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் இரண்டையும் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

பூம்பாறைக்கு மேலே ரோட்டோரம் நின்று பார்த்தால் அடுக்கடுக்காக வயல், நடுவில் நெருக்கியடித்த வீடுகள். அன்றைக்கு வயல் நிழலில் கிடந்தது, அதன்மேல் பளீரென்று வெயில் பட்ட மேகம். வயலுக்கு வெளிச்சம் அளந்தால் மேகம் வெளுக்கும், மேகத்துக்கு அளந்தால் வயல் இருட்டும். படம் எடுத்ததும் கேமரா திரையில் மேகம் கண்சிமிட்டியது, வெளிச்சம் மிஞ்சிவிட்டது என்ற எச்சரிக்கை. பக்கத்தில் நின்ற தம்பி, "அண்ணா, ஓவர் ஆயிடுச்சு" என்றான்.

அந்தச் சிமிட்டலை அப்படியே நம்பக்கூடாது. கேமரா தனக்குள் சுருக்கிச் செய்யும் ஜேபெக் படத்தை வைத்துத்தான் அது எச்சரிக்கிறது. சென்சார் பிடித்த வெளிச்சத்தை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஜேபெக்கில் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு நிறச் சேனலுக்கு 256 வெளிச்சப் படிகள்தான், 14 பிட் ராவில் 16,384. அதில் பாதி, 8,192 படிகள், மிக வெளிச்சமான ஒரே ஸ்டாப்பில், அதாவது வெளிச்சம் இருமடங்காகும் ஒரே தாவலில், இருக்கின்றன. மேகத்தின் மடிப்பெல்லாம் அங்கேதான். ஆனால் சென்சார் நிரம்பி வழிந்துவிட்டால் கதை முடிந்தது.

சரி, சாப்பாடு. ஊருக்குள் ஒரு சின்னக் கடையில் சுடுசோறும் பூண்டுக் குழம்பும். இரண்டாவது தடவை குழம்பு ஊற்றும்போது அந்த அக்கா கேட்கக்கூட இல்லை. இதற்காகவே இன்னொரு தடவை அந்த ஓட்டை பஸ்ஸில் வரலாம்.

ராத்திரி ரூமில் டார்க்டேபிள், ரா படங்களைத் திருத்தும் மென்பொருள். காசு கிடையாது, மாதாமாதம் சந்தா கட்ட என்னால் ஆகாது. முதலில் படத்தின் மொத்த வெளிச்சமான எக்ஸ்போஷரை இறக்கி மேகத்துக்கு உருவம் வரவைத்தேன், அப்புறம் நிழலை மட்டும் ஏற்றினேன். வயலில் லேசாக நாய்ஸ் (மணல் தூவினாற்போல் புள்ளிகள்) வந்தது, பரவாயில்லை. சிலர் வெளிச்சமான பகுதியை மட்டும் இறக்கும் ஹைலைட்ஸ் ஸ்லைடரைக் கடைசிவரை இழுத்துவிடுகிறார்கள். மேகம் சாம்பல் பூசிய சுவர் மாதிரி ஆகிவிடும். வெயில் பட்ட மேகம் வெள்ளையாகத்தானே இருக்கும்?

ஒரு படத்தில் மேக ஓரம் ரோஸ் நிறமாக இருந்தது. பச்சை சேனல் மட்டும் நிரம்பி நின்றுவிட, நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸ் சிவப்பையும் நீலத்தையும் பெருக்குவதால் வரும் கறை அது. டார்க்டேபிளில் நிரம்பிய இடத்தை மீட்கும் ஹைலைட் ரீகன்ஸ்ட்ரக்ஷனில் முறையை மாற்றியதும் போய்விட்டது. மிச்சமிருந்த இரண்டு சேனலை வைத்து அது மூன்றாவதை ஊகித்துக்கொள்ளும். சூரியன் எட்டிப்பார்த்த இடத்தில் மூன்றுமே போயிருந்தன. அதை வெள்ளையாகவே விட்டுவிட்டேன்.