கை அசைவில் இசை: கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான்

டச்சு இசைக்கலைஞர் மிஷெல் வைஸ்விஸ், கை அசைவால் இயங்கும் 'தி ஹேண்ட்ஸ்' என்ற மின்னணுக் கருவியை வாசிக்கும் வீடியோக்களை மறுபடி பார்த்தேன். இந்த முறை வீசும் கைகளை விட்டுவிட்டு விரல்களை மட்டும் கவனித்தேன். 1983-இல் மிடி வந்தது, மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பொது மொழி அது. 1984-இலேயே ஆம்ஸ்டர்டாமின் ஸ்டைம் என்ற மின்னணு இசைக் கூடத்தில் உருவான இந்தக் கருவியைக் கைகளில் மாட்டிக்கொண்டு மேடையேறிவிட்டார் மனிதர். கைகளுக்கு இடையிலுள்ள தூரத்தை மீயொலி அளக்கும், சாய்வை சுவிட்சுகள் காட்டும். ஆனால் எதை, எப்போது ஒலிக்க வைப்பது என்பது விரலடியில் உள்ள சின்னப் பொத்தான்களின் கையில்தான் இருக்கிறது. நானே செய்துவரும் கையசைவுக் கருவியில் இல்லாதது அதுதான்.

என்னிடம் இருப்பது ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையும், தூரத்தை அளக்கும் எச்.சி-எஸ்.ஆர்.04 மீயொலி சென்சாரும். சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கிறது. கை 50 செ.மீ. தள்ளி இருந்தால் ஒலி போய்வர சுமார் 3 மில்லிசெகண்ட். அந்தத் தூரத்தை 0 முதல் 127 வரையிலான மிடி எண்ணாக்கி, சின்தசைசரின் பில்டருக்குக் கொடுக்கிறேன். ஒலியின் கூர்மையைக் கூட்டிக் குறைப்பது பில்டர்தான், எண் ஏற ஏற அது திறக்கும்.

உள்ளங்கை நேராக இருக்கும்வரை பிரச்சினையே இல்லை. லேசாகச் சாய்ந்தாலும் எதிரொலி வேறு பக்கம் போய்விடும். எண் சட்டென்று 127-க்குத் தாவ, பில்டர் முழுக்கத் திறந்து கத்தும். சராசரி எடுத்துப் பார்த்தேன், ஒரே ஒரு தப்பான அளவே மொத்தத்தையும் இழுத்துவிடுகிறது. இப்போது ஐந்து அளவுகளை எடுத்து, வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை மட்டும் அனுப்புகிறேன். தாவல் அடங்கிவிட்டது. ஒலி கையை விட ஒரு நூலிழை பின்தங்குகிறது. மெதுவான இசைக்கு இது போதும்.

அப்புறம் கட்டைவிரலுக்கு ஒரு பொத்தான் வைத்தேன். அழுத்தியிருக்கும்போதுதான் தூரம் போகும். விட்டால் கடைசி எண் அப்படியே நிற்கும். நீண்ட ஸ்வரம் ஒன்றைப் பாதி திறந்த பில்டரில் நிறுத்திவிட்டுக் கையைக் கீழே இறக்கினேன். ஒலி நின்ற இடத்திலேயே நின்றது. எவ்வளவு சந்தோஷம்! பிரிட்டிஷ் பாடகி இமோஜன் ஹீப்பின் மிமு என்ற இசைக் கையுறையில் விரல்களை மடக்குவதையே சென்சார்கள் படித்துவிடும், பொத்தானே தேவையில்லை. இருந்தாலும் விரலில் தட்டுப்படும் 'டிக்' எனக்குப் பிடித்திருக்கிறது.

அடுத்து, சென்சாரின் இரண்டு குமிழ்களையும் பிரித்து, அனுப்புவதை ஒரு கையிலும் வாங்குவதை மறு கையிலும் கட்டப்போகிறேன். எதிரொலியை நம்ப வேண்டியதில்லை, ஒலி நேராகவே போய்ச் சேரும். ஒலி போய்வருவதால் நிரலில் இரண்டால் வகுத்துவந்த வரியை மட்டும் எடுத்துவிட வேண்டும்.