ஃபாண்டன்ட் ஃபேன்சி: மூன்றாவது தடவை

இங்கிலாந்துக்கு வந்த புதிதில் நான் அதிகம் வாங்கித் தின்ற கேக், மிஸ்டர் கிப்ளிங் என்ற கேக் பிராண்டின் பிரெஞ்ச் ஃபேன்சி. பெட்டிக்கு எட்டு. மஞ்சள், ரோஸ், சாக்லேட் நிறங்களில் இரண்டு வாயில் தீர்ந்துவிடும் சதுரங்கள். உள்ளே ஸ்பாஞ்ச், தலையில் ஒரு பொட்டு க்ரீம், சுற்றிலும் ஃபாண்டன்ட் என்னும் சர்க்கரைப் பூச்சு. பெயரில்தான் பிரெஞ்சு, 1967-லிருந்து இந்த ஊர் நாலு மணி டீக்குத் துணையாக விற்கிறது. அதையே வீட்டில் செய்தால் ஃபாண்டன்ட் ஃபேன்சி.

கேக்கில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. வெண்ணெய், சர்க்கரை, செல்ஃப் ரெய்சிங் மாவு (பேக்கிங் பவுடர் கலந்தே வரும் மைதா) மூன்றும் தலா 225 கிராம், முட்டை நாலு, கொஞ்சம் எலுமிச்சைத் தோல் துருவல். 20 செ.மீ. சதுரத் தட்டு, 180 டிகிரி, ஃபேன் ஓவன் என்றால் 160. எனக்கு 38 நிமிடம் ஆனது. 25 துண்டுகள் போடலாம். வம்பெல்லாம் பூச்சில்தான்.

முதல் தடவை சுட்ட சூடு ஆறியதும் வெட்டிவிட்டேன். ஐசிங் சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்து ஊற்றினால் பக்கங்களில் நிற்கவே இல்லை, வழிந்து தட்டில் குளம் கட்டியது. உதிர்ந்த கேக் தூள் அதில் கலந்து, ரோஸ் நிற ரவை உப்புமா!

இரண்டாவது தடவை, குளுக்கோஸ் கலந்து பாக்கெட்டில் வரும் ஃபாண்டன்ட் ஐசிங் சர்க்கரை. அவசரத்தில் மைக்ரோவேவில் கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினேன். தலையில் வைத்த பட்டர் க்ரீம் உருகிச் சரிந்தது. காய்ந்த பிறகு பார்த்தால் சுண்ணாம்பு அடித்த சுவர். பூச்சு பளபளப்பதே அதிலுள்ள படிகங்கள் மிகப் பொடியாக இருப்பதால்தான். சூடு கூடினால் அவை கரைந்து, ஆறும்போது பெரிதாகத் திரும்பி வரும். 40 டிகிரியைத் தாண்டவே கூடாது.

சரி, ஃபாண்டன்டையும் நாமே செய்வோம் என்று இறங்கினேன். அரை கிலோ சர்க்கரை, 150 மில்லி தண்ணீர், இரண்டு கரண்டி குளுக்கோஸ் சிரப், 115 டிகிரி வரை கொதி. நடுவில் தெர்மாமீட்டர் உயிரை விட்டது. வீடியோ காலில் இருந்த அம்மா சிரித்தார். "ஏண்டி, தண்ணியில ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பாரேன். அதிரசத்துக்கு எப்படிப் பார்ப்போம்?" விட்டேன், கிண்ணத்துக்குள் மெத்தென்று உருண்டது. இங்கே 'சாஃப்ட் பால்' என்று சொல்வதும் அதே பதம்தான். இத்தனை நாள் தெர்மாமீட்டரைக் கட்டிக்கொண்டு அழுதிருக்கிறேன்.

பாகைக் கல் பலகையில் ஊற்றி, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் மரக்கரண்டியால் மடித்து மடித்துக் கிளறினேன். பத்து நிமிடம் தோள்பட்டை கழன்றது. கண்ணாடி போல இருந்தது திடீரென்று பால் வெள்ளையாகி இறுகியது. பிசைந்து, ஈரத்துணி மூடி ஒரு ராத்திரி விட்டேன். கேக்கும் அன்று ராத்திரி சும்மா கிடந்தது. ஒரு நாள் பழசானால் தூள் உதிராது.

மறுநாள் கேக் மேல் ஆப்ரிகாட் ஜாம், அதன்மேல் மெல்லிய மார்சிபான் (பாதாமும் சர்க்கரையும் பிசைந்த தகடு), வெட்டிய துண்டுகளின் பக்கங்களில் கொஞ்சம் பட்டர் க்ரீம், தலையில் பொட்டு. ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜ். ஃபாண்டன்டை வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து, சர்க்கரைப் பாகு விட்டு இளக்கினேன். முள்கரண்டியில் குத்தி முக்கினால் கேக் நழுவி உள்ளேயே விழுகிறது. நாலு போனதும் அதை விட்டுவிட்டு, கம்பித் தட்டில் அடுக்கி மேலிருந்து ஊற்றினேன். கேக் சில்லென்று இருந்ததால் பூச்சு பட்ட இடத்திலேயே நின்றது.

25-இல் 14 தேறின. மீதி அடிமூலையில் மொட்டை. காகிதக் கப்பில் வைத்தால் தெரியாது. சாக்லேட் கோடு போட எனக்குக் கை நடுங்குகிறது, அது அடுத்த தடவை. தித்திப்பு கடுமை, அதனால் டீயில் சர்க்கரை போடவில்லை. அம்மாவுக்குப் படம் அனுப்பினேன். "அதிரசம் எப்போ?" என்று பதில் வந்தது.