கேத்தலின் அடியில் படிந்த வெள்ளை

இங்கிலாந்தில் ரெடிங் நகருக்குப் போய் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, விடுதிச் சமையலறையில் தேநீர் போடக் கேத்தலைத் திறந்தேன். அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தது. யாழ்ப்பாணத்து உரும்பிராயில் எங்கள் வீட்டுக் கேத்தலில் அம்மா தேசிக்காய்ப் புளி விட்டுக் கொதிக்கவைத்துக் கழற்றுவாரே, அதே படிவு. அந்த நாட்டில் எனக்குத் தெரிந்த முகம் என்று முதலில் கண்டது அதைத்தான்.

நான் படிக்கப் போனது நிலத்தடி நீர் பற்றிய முதுமாணி. ஒரு வருடப் படிப்பு, செப்ரெம்பரில் தொடங்கி அடுத்த செப்ரெம்பரில் முடிகிறது. ஒரு வருடம் என்றால் நீளம் என்று நினைத்துப் போனேன், ஆனால் மார்கழிக்குள் பாதிப் பாடங்கள் முடிந்துவிட்டன, பின்னேரம் நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது, ஒக்ரோபர் கடைசியில் அவர்கள் மணிக்கூட்டை மாற்றியதோடு வீட்டுக்கும் எனக்கும் நாலரை மணித்தியாலமாக இருந்த இடைவெளி ஐந்தரை ஆகிப்போனது. நான் வகுப்பு முடிந்து வர அம்மா படுத்துவிடுவார். குளிரை எல்லோரும் எழுதியாயிற்று, அதை விடுகிறேன்.

அந்தப் பக்கத்து நிலத்தடி நீர் நிறைய, வெண்கட்டி போன்ற மென்மையான சுண்ணப்பாறைக்குள் இருக்கிறது. எங்களுடையதும் சுண்ணாம்புக்கல்தான், வயதில் இளையது. ஒருநாள் வகுப்பில் எங்கள் பக்கத்து நிலாவரைக் கிணற்றைப் பற்றிச் சொன்னேன். வருடம் முழுக்க ஓடுகிற ஆறு ஒன்றுமில்லாத குடாநாடு, வழுக்கியாறுகூட மாரிக்கு மட்டும்தான், மழைத்தண்ணீர் கல்லுக்குள் இறங்கிக் கீழே இருக்கிற உப்புத்தண்ணீரின் மேல் மிதக்கிறது, அதனால்தான் நிலாவரையில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உவர் என்று விளங்கப்படுத்தினேன். கரும்பலகையில் படம் கீறும்போது கை நடுங்கியது. ஊரைப் பற்றி அப்படி ஒரு இடத்தில் நின்று கதைப்பேன் என்று நினைத்ததே இல்லை.

அப்புறம் வந்த ஒரு பாடம் என் நித்திரையைக் கெடுத்தது. அங்கே பாறைக்குள் தண்ணீர் வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மீற்றர்தான் கீழிறங்கும். பல பத்து வருடங்களுக்கு முன் வயலில் போட்ட உரத்தின் நைத்திரேற்று இன்னும் நீர்மட்டத்தைத் தொடாமல் இறங்கிக்கொண்டிருக்கிற இடங்கள் உண்டு. இன்றைக்குப் போட்டது பேரப்பிள்ளைகளின் குழாயில் வரும் என்று அவர்கள் கவலைப்படுகிறார்கள். எங்களுக்கோ அந்த அவகாசமும் இல்லை. மெல்லிய செம்மண், அதற்குக் கீழே வெடிப்பும் ஓட்டையுமான கல், சில மீற்றரில் தண்ணீர். வெங்காயத்துக்கு அப்பா எறிகிற யூரியாவும், நெருங்கிய காணிகளில் கிணற்றுக்குக் கிட்டவே வெட்டிய மலகூடக் குழியும் போய்ச் சேர எவ்வளவு நேரம் வேண்டும்?

உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று வரைக்கும்தான் குடிக்கலாம் என்கிறது. அதைத் தாண்டினால் முதலில் பாதிக்கப்படுவது புட்டிப்பால் குடிக்கிற கைக்குழந்தைகள், இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். இதில் எனக்கு மிகவும் வலித்தது என்னவென்றால், கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது, தண்ணீர் ஆவியாக ஆவியாக அதன் செறிவு கூடத்தான் செய்யும். 'சுடவைச்சு ஆறின தண்ணி' என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்த நேரம் அண்ணாவின் பிள்ளைக்கு நாலு மாதம். அண்ணி கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்கவைத்துத்தான் பால்மா கரைத்தார். அன்றிரவே, ஊரில் விடியும்வரை காத்திருந்து, கோல் எடுத்தேன். அண்ணி ஏன் என்றுகூடக் கேட்காமல் பிள்ளைக்குப் போத்தல் தண்ணீருக்கு மாறிவிட்டார். அப்பாதான் பிறகு தனியாகக் கேட்டார்.

"எங்கட கிணத்துத் தண்ணி குடிச்சுத்தானே பிள்ளை நீ வளர்ந்தனீ?"

குரலில் கோபம் இல்லை. அந்தக் கிணறு அவரின் தகப்பனார் கல்லுடைத்து வெட்டியது. என்ன சொல்வதென்று தெரியாமல், வந்து சொல்கிறேன் அப்பா என்றேன்.

ஊர் திரும்பும்போது பெட்டியில் சொக்லேற்றுக்கும் கம்பளிச் சட்டைக்கும் நடுவில் நைத்திரேற்றுப் பார்க்கிற தாள்கீற்றுகள் ஒரு டப்பா இருந்தது. வந்த மறுநாள் காலமை அப்பாவே வாளியால் தண்ணீர் அள்ளித் தந்தார். கீற்றைத் தோய்த்து எடுத்து ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டு நின்றோம். இளஞ்சிவப்பு ஏறிக்கொண்டே போய், டப்பாவில் 50 என்று போட்டிருக்கிற நிறத்தையும் தாண்டிக் கடுத்தது. அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, திரும்பவும் போட்டுப் பார்த்தார். கீற்று துல்லியம் இல்லை, ஆய்வுகூடத்தில் கொடுத்துப் பார்க்கவேண்டும் என்று சொன்னேன். அவர் தலையாட்டினார்.

அந்தப் போகத்துக்கு யூரியாவை ஒரேயடியாக எறியாமல் குறைத்து, பிரித்துப் பிரித்துப் போடுவதாகச் சொன்னார். குடிக்கிறதுக்குக் கூரைத் தண்ணீரைப் பிடிக்கத் தொட்டி கட்டுவோமா என்று அம்மா கேட்டார், அதற்கு இன்னும் காசு சேரவில்லை. பின்னேரம் நான் படுத்திருக்க, அப்பா அறை வாசலில் வந்து நின்றார்.

"அந்தத் தாள் இன்னும் கிடக்கே? பக்கத்து வீட்டிலயும் ஒரு கைக்குழந்தை இருக்கு."